இயக்குநர் வேடம்

மூன்றாவது தடவையும் விளக்குகள் அணைந்துவிடுகின்றன. சினிமா எடுக்கிற கூத்தைக் கிண்டலடிக்கும் படம் இது. அதில் சிடுமூஞ்சி இயக்குநராக நடிக்கும் பெரியவர் வசனப்படி "கட்!" என்று கத்தியதும், ஒளிப்பதிவாளர் நிஜக் கேமராவையே நிறுத்திவிடுகிறார். மேக்கப்காரம்மா பவுடரோடு ஓடி வருகிறாள். "யாருய்யா நிறுத்தச் சொன்னது? அவர் நடிக்கிறார்யா!" என்று தலையில் அடித்துக்கொள்கிறான் நிஜ இயக்குநர். பெரியவரின் மகன் வயதுதான் அவனுக்கு. "அவர் குரலைக் கேட்டா கை தானா போயிடுது சார்," என்கிறார் ஒளிப்பதிவாளர். பெரியவர் இருபத்திரண்டு வருஷம் உதவி இயக்குநராகவே இருந்து நரைத்தவர்; சொந்தமாக ஒரு படம்கூட அமையவில்லை. அட்டையில் செய்த மெகாபோனை மடியில் வைத்து, அதன் ஒட்டு பிரிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. 'கட்'டுக்குப் பதிலா 'போதும்'னு சொல்லிடுங்களேன்," என்கிறான் இளம் இயக்குநர்.

"சரி தம்பி. படம் உன்னோடது."

மறுபடி வெளிச்சம் விழுகிறது. அதில் தூசி மெல்ல மிதக்கிறது. பெரியவர் நாற்காலியை உதறி எழுந்து, கையை உயர்த்தி, "போதும்!" என்கிறார். ஒருவரும் அசையவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. உயர்த்திய கையை இறக்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார்.

"பிரமாதம்ணே! கட்!" என்கிறான் இளைஞன்.

விளக்குகள் அணைகின்றன.