காசிலிங்கம் வீட்டுப் பட்டாம்பூச்சி

அந்தமானுக்கே உரிய அந்தப் பட்டாம்பூச்சி இனத்தில் மிஞ்சிய ஒரே பெண்ணை அரசாங்கம் காசிலிங்கத்தை நம்பி ஒப்படைத்திருந்தது. அவர் வீட்டு வாசலில் பித்தளைப் பலகைகூட மாட்டியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல வீடெல்லாம் சாம்பிராணி காட்டியவர், பட்டாம்பூச்சிக்கும் கண்ணேறு படக்கூடாதென்று வலைக்கூண்டுக்குள்ளும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டார். சற்று நேரத்தில் அது செடியடியில் செத்துக் கிடந்தது.

வெளியே சொல்லப் பயந்தார். மகரந்தம் சேர்க்க இப்போது வீட்டுக்கு வீடு பறக்கவிடுகிறார்களே, அந்த இயந்திரப் பட்டாம்பூச்சிகளில் அதே சாயலில் ஒன்றை வாங்கிவந்து கூண்டுக்குள் விட்டார்.

மறுநாள் வனத்துறை அதிகாரி ஜெசிந்தா ஒரு பெட்டியோடு ஓடிவந்தாள்.

"ஐயா, பக்கத்துத் தீவுல ஒரு ஆண் கெடச்சிருச்சு! இன்னும் ரெண்டு நாள்தான் அதுக்கு ஆயுசு. உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை கொண்டாந்திருக்கேன்!"

பெட்டியைத் திறந்ததும் அந்த ஆண் நேரே இயந்திரத்திடம் போய், அதையே சுற்றிச் சுற்றி வந்தது.

"பிடிச்சுப்போச்சு, பாத்தீங்களா! இனிமே இந்த இனம் பொழச்சிரும். எல்லாம் இந்தக் கையோட புண்ணியம், ஐயா."

அவர் பின்னுக்கு இழுப்பதற்குள் ஜெசிந்தா அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதில் சாம்பிராணி வாசம் இன்னும் போயிருக்கவில்லை.