பத்தரை மணிப் படம்

“இன்னொரு டீ போடட்டுமா ஆபா? மூஞ்சி இப்படித் தொங்குதே!”

“போடுங்க காலாம்மா. டாக்கா போய்ச் சேர்ந்தா எனக்குத் தொண்டையில ஒண்ணும் இறங்காது” என்றாள் தஹ்மினா.

வெளியே அடைமழை. ஆற்றங்கரையில் அந்த ஒரு டீக்கடைதான் திறந்திருந்தது. ஊரே சித்தி முறையில் காலாம்மா என்று கூப்பிடும் ஜோபேதா, தஹ்மினாவை அக்கா முறையில் ஆபா என்பாள். தட்டிக்குப் பின்னால் போய்க் கெட்டிலை வைத்துவிட்டு வந்தாள்.

“அப்படி என்னதான் தேடுறீங்க? மூணு நாளா கோழிக்குஞ்சு மாதிரி நனையுறீங்க.”

“ஆத்து வளைவுல, தண்ணிக்கு அடியில பாழாப்போன அந்தப் பழைய எரிவாயுக் கிணத்துலேர்ந்து கேஸ் குமிழி விடுதில்ல, அதைத்தான். ஒரு செயற்கைக்கோள் காலைல பத்தரை மணிக்கு இந்த ஊரைப் படம் பிடிக்குது. எவ்வளவு கேஸ் காத்துல போகுதுன்னு அதை வெச்சு நான் கணக்குப் போடுறேன். மூணு வருஷம் முன்னாடி அது திடீர்னு பாதியாக் குறைஞ்சுது.”

“நல்லதுதானே!”

“நல்லதுதான். ஆனா ரமலான் வந்தா மறுபடி முழுசா வந்து நிக்குது. பெருநாள் முடிஞ்சதும் திரும்பப் பாதி. வருஷா வருஷம் இதே கூத்து!”

டாக்கா அலுவலகக் கூட்டத்தில் இயக்குநர் கேட்டது இன்னும் காதில் குத்திக்கொண்டிருந்தது. ‘ஊரே நோன்பு இருக்கிற மாசத்துல உன் கசிவு மட்டும் விருந்து சாப்பிடுதாம்மா?’ ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். காரணம் கிடைக்காவிட்டால், மூன்று வருடக் கணக்கும் தப்பு என்று திங்கட்கிழமை அவளே எழுதிக் கொடுக்க வேண்டும்.

“யாராவது கிணத்தை அடைச்சு வெச்சு, நோன்புக்குத் திறந்து விடுறாங்களோ?”

“நல்லாக் கேட்டீங்க! நோன்பு வெச்ச வயித்தோட எவன் ஆத்துல முங்குவான்?” ஜோபேதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

டீ கொதிக்கக் கொதிக்க வந்தது. ஒரு வாய் உள்ளே போனதுமே தஹ்மினாவுக்கு உயிர் வந்தது.

“ஊர்ல ஒரு குச்சி காய்ஞ்சு கிடக்கலை. உங்களுக்கு மட்டும் விறகு எங்கேர்ந்து கிடைக்குது?”

“எல்லாம் அல்லா குடுக்குறான்” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, ஜோபேதா உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

கேஸைக் கண்டால் கத்த வேண்டிய தஹ்மினாவின் கருவி, ஊருக்குள் வந்ததிலிருந்து வாயே திறக்காமல் பைக்குள் கிடந்தது. அது இப்போது வீல் என்று கத்தத் தொடங்கியது.

தஹ்மினா துள்ளி எழுந்து தட்டியை விலக்கினாள். அடுப்பில் விறகும் இல்லை, சாம்பலும் இல்லை. ஆற்றுப் பக்கமிருந்து ஒரு கறுப்புக் குழாய் உள்ளே வந்திருந்தது. ஜோபேதா அதன் வாயை மடக்கிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள்.

“பிடுங்கச் சொல்லிடாதீங்க ஆபா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! மூணு வருஷமா, பத்து மணிக்கு ஊர்ல எல்லா வீட்டுலயும் பானை ஏறுறது இதுலதான்.”

“பிடுங்குறதா? ஆபத்தில்லாம நல்ல குழாயா போட்டுத் தரச் சொல்றேன் காலாம்மா!” என்று அவளைக் கட்டிக்கொண்ட தஹ்மினா, கைப்பேசியில் இயக்குநரை அழைத்தாள்.

“சார், என் கணக்கு சரிதான். கசிவுல பாதியை இந்த ஊரு எரிச்சுச் சோறாக்கிடுது. ரமலான்ல பத்தரை மணிக்கு எந்த வீட்டுல சார் அடுப்பு எரியும்?”