கஸ்தானியாவின் பனிக்காலம்

எந்தக் கஸ்தானியா என்று கேட்டார் இறைச்சிக்கடைக்கார ஸ்தாவ்ரோஸ், ஆட்டுத்தொடையில் வைத்த கத்தியை எடுக்காமலே.

மலைக்கு மேலே இருக்கிற கஸ்தானியா, பாதை முழுக்க செஸ்நட் மரங்கள் நிற்கிற கஸ்தானியா என்று அன்புராசா கிரேக்க மொழியில் விளாசினார்.

கப்பலில் பழகிய மொழி. ரொறன்ரோவில் அதை அவிழ்த்துவிட ஓர் இடமில்லாமல் தவித்தவருக்கு, டான்ஃபோர்த் வீதியில் இந்தக் கடையைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் மனைவி குணவதி வேறு நிற்கிறாள். ஆட்டிறைச்சி வாங்க வந்த மனுசன் அப்படியே மலையேறிவிட்டார்.

அது தன் சொந்த ஊர் என்றார் ஸ்தாவ்ரோஸ்.

அங்கேதான் வினை.

அன்புராசாவின் கஸ்தானியாவை அவர் குடியிருக்கிற டோர்செட் பார்க் தமிழர்களில் அறியாதவர் இல்லை. பிறந்தநாள் வீடோ சாமத்திய வீடோ, தேத்தண்ணி கைக்கு வந்தால் போதும், ஆள் தொடங்கிவிடுவார். எண்பதாம் ஆண்டு அவர் வேலை செய்த கப்பலின் முதலாளி தலைமறைவாக, கப்பலைக் கிரேக்கத் துறைமுகம் ஒன்றில் கட்டிப்போட்ட பிறகு, எட்டு மாதம் கிரேக்க மலைக்கிராமங்களில் திரிந்த கதை. ஆட்டுத்தடங்களில் நடந்தாராம். ஓடையில் வெறுங்கையால் மீன் பிடித்தாராம். கோவேறு கழுதையில் ஏறினாராம், விழுந்தாராம். பனிக்காலம் முழுக்கக் கஸ்தானியாவில் ஓர் இடையர் வீட்டில் நெருப்புக் காய்ந்தாராம்.

“அண்ணை, எங்களையும் ஒருக்கா மலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோவன்” என்று பெடியள் நக்கலடிப்பார்கள். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

குணவதிக்கு மட்டும் அது பகிடிக் கதை இல்லை.

அந்த எட்டு மாதமும் அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. நிச்சயித்த பெண் ஊரில், கரவெட்டியில் காத்திருக்க, மாப்பிள்ளை கைவிட்டுவிட்டான் என்று ஊர் கதைத்தது. தகப்பன் வேறு சம்பந்தம் பார்க்கத் தொடங்கினார். அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் வந்து சேர்ந்தவர், மலையில் தபால் இல்லை, பனி பாதையை மூடிவிட்டது என்றார். அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் இன்றுவரை இவர்களுடைய குடித்தனம் நடக்கிறது.

ஸ்தாவ்ரோஸ் கத்தியைக் கீழே வைத்தார். பனிக்காலத்திலா அங்கே இருந்தாய் என்று கேட்டார்.

ஓம் என்றார் அன்புராசா, நெஞ்சை நிமிர்த்தி.

பனிக்காலத்தில் கஸ்தானியாவில் குருவிகூட இருக்காதே என்றார் ஸ்தாவ்ரோஸ். குளிர் தொடங்க முதலே ஆடு, கோழி, கிழவன், கிழவி என்று முழு ஊருமே சமவெளிக்கு இறங்கிவிடும். வீடுகளைப் பூட்டித் திறப்பையும் கொண்டுபோய்விடுவார்கள். உனக்கு நெருப்பு மூட்டித் தந்தது யார்?

“என்னவாம்?” என்று கேட்டாள் குணவதி.

“சரியான குளிர் இடமாம்” என்றார் அன்புராசா.

பயத்தில் அவருக்குப் பொய்கூட ஒழுங்காக வரவில்லை, உண்மைதான் வந்தது. கிரேக்கத்திலேயே கெஞ்சத் தொடங்கினார்.

நான் உங்கள் மலையைக் கண்ணால் கண்டதில்லை ஐயா. துறைமுகத்தைவிட்டு நகரவேயில்லை. ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கத்தில் இருந்து எட்டு மாதமும் வெங்காயம் உரித்தேன். அங்கே சமையல்காரன் உங்கள் ஊர். அவன் சொன்னதெல்லாம் கோடைக்காலத்துக் கதை, பனியை நான்தான் சேர்த்தேன். கப்பல்காரன் என்று பெரிய எடுப்பில் வெளிக்கிட்டவன், வெங்காயம் உரிக்கிறேன் என்று இவளுக்கு எப்படி எழுதுவேன்? வெட்கத்தில் எழுதாமலே விட்டுவிட்டேன். காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்தாவ்ரோஸ் அவரைப் பார்த்தார். குணவதியைப் பார்த்தார். சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார்.

“இப்ப என்னவாம்?”

“கஸ்தானியாத் தண்ணி குடிச்சவனுக்கு எலும்பு கலந்து தரமாட்டாராம்.”

குணவதி தலையாட்டிவிட்டு இறைச்சிப் பொட்டலத்தை வாங்கினாள். வாங்கியவள் ஸ்தாவ்ரோஸைப் பார்த்து, அடுத்த கிழமை நெஞ்செலும்பும் கொஞ்சம் சின்னதாக வெட்டி எடுத்து வையுங்கள், சூப்புக்கு வேண்டும் என்றாள்.

கிரேக்க மொழியில்.

அன்புராசாவின் கிரேக்கம் கப்பல் கிரேக்கம், பாதி தூஷணம். இவளுடையது வீட்டுப் பெண்கள் பேசுகிற நல்ல கிரேக்கம். இவள் வேலை செய்த ஸ்படைனா வீதித் தையல் ஃபக்டரியில் இவளுக்கு இடப்பக்கம், வலப்பக்கம், முன்னுக்கு, பின்னுக்கு எல்லாம் கிரேக்கப் பெண்கள்தான். ஆங்கிலம் அங்கே முதலாளி ஒருவருக்குத்தான் தேவைப்பட்டது. இது எதுவும் அன்புராசாவுக்குத் தெரியாது. வேலை முடிந்து வருகிறவளை இருத்தி வைத்து அவர் மலைக்கதை சொன்னாரே தவிர, உன்னுடைய பாடு என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வெளியே வந்தார்கள். அவருக்கு வாய் திறக்கப் பயமாக இருந்தது. சப்வே வாசல்வரை அவள் முன்னால் நடந்தாள்.

அங்கே நின்று, பொட்டலத்தை அவருடைய கையில் திணித்தாள். அவளுடைய கண் கலங்கித்தான் இருந்தது.

“வெங்காயம் உரிக்கிறன் எண்டு எழுதியிருந்தாலும் நான் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பன்.”

இரண்டு படி இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, ஒருக்கா ரண்டுபேருமாக் கஸ்தானியாவுக்குப் போவமே? நீங்களும் இன்னும் பாக்கேல்லைத்தானே.”