பதினேழாம் எண் பார்த்தது

பதினேழாம் எண் குரங்கின் மூளையில் பார்வைக்கான பகுதியிலிருந்து வெட்டியெடுத்த துண்டு ஓர் உப்புக்கல் அளவுதான். அதை ஆயிரக்கணக்கான சீவல்களாக்கிப் படம் பிடித்திருந்தார்கள். எந்த நரம்பு எதைத் தொடுகிறது என்று படம் படமாகப் பின்தொடர்ந்து வண்ணம் தீட்டுவது ரெஜினாவின் வேலை. இரண்டு வருடமாகத் தீட்டுகிறாள், பாதிகூட முடியவில்லை.

ஓய்வுபெற நான்கு நாள் இருக்கும்போது, விலங்குக் கூடத்தைப் பராமரிக்கும் மாசிலாமணி அவள் அறைக்கு வந்தார்.

"இது நம்ம பதினேழுதானம்மா?"

"ஆமாண்ணே."

திரையில் ஓடிய நீல இழையை வெகுநேரம் பார்த்தார்.

"அது பாத்ததெல்லாம் இதுக்குள்ள இருக்குமா?"

"இது வழியாத்தான் பாத்துச்சு. என்ன பாத்துச்சுன்னு இதுல தெரியாதுண்ணே."

"ஆறு வருஷம் பழம் நறுக்கி வச்சேன். என் மூஞ்சி எங்கயாவது இருக்குமோன்னு..."

கூடத்துக்குள் முகக்கவசம் இல்லாமல் யாரும் நுழையக் கூடாது. "நீங்க மாஸ்க் போட்டிருப்பீங்கல்ல?" என்றாள்.

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதோட கடைசி நாள் மட்டும் கழட்டிட்டேம்மா. கம்பி வழியா கைய நீட்டி, என் மூக்கத் தொட்டுப் பாத்துச்சு."

ரெஜினா திரைக்குத் திரும்பினாள். நீல இழை துண்டின் விளிம்போடு அறுந்திருந்தது. அப்படி அறுந்த இடத்தில் 'முடிவு' என்று குறித்துவிட்டு அடுத்த இழைக்குப் போக வேண்டும். ஆயிரம் முறை குறித்திருக்கிறாள்.

"இது எங்கம்மா போகுது?" என்றார் மாசிலாமணி.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"போகுதுண்ணே."