செருப்பைக் கழற்றிய மழை

நாளிதழில் புதிதாகச் சேர்ந்ததால் எல்லாரும் 'புதுசு' என்றே கூப்பிடும் நிருபருக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், நடந்த வரிசையிலேயே:

முதலாவது, நூலகம் எரிந்த செய்தியில் அவள், "தீ அந்த நூலகத்தை அலமாரி அலமாரியாகப் படித்து முடித்தது" என்று எழுதினாள். அச்சில் வந்தது: "நூலகத்தில் தீ. சேதம் அதிகம்."

இரண்டாவது, வெள்ளச் செய்தியில், "மழை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தது" என்று எழுதினாள். அச்சில் வெறும் "கனமழை".

மூன்றாவது, அவளைத் தூக்கி மரண அறிவிப்புப் பகுதியில் போட்டார்கள். அங்கே யாரும் விண்மீனாக முடியாது. எல்லாரும் காலமாகத்தான் வேண்டும்.

நான்காவதுதான் கொடுமை. கதை எழுத ஆள் தேடிய வாரப் பத்திரிகைக்கு, வெட்டுப்பட்ட தன் வரிகளையெல்லாம் கோத்து ஒரு கதை எழுதிக்கொண்டு போனாள். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் அம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, திருடுறதுதான் திருடுற, வேற பத்திரிகையிலேருந்து திருடக் கூடாதா? இதெல்லாம் எங்க தொடர்கதையில அந்திமல்லி எழுதின வரி!"

இதழியலில் பட்டம் வாங்கியவள், அன்று 'திருடி' என்ற பட்டமும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

நேரே தன் நாளிதழின் தொழிற்சங்க அறைக்குப் போனாள். சங்கத் தலைவரை ஊரே எரிமலை என்றுதான் கூப்பிடும். கேட்டதும் வெடித்தார்.

"யார்மேல சந்தேகம்?"

"கத்தரி சார்மேலதான் தோழரே. என் வரியெல்லாம் அவர் மேசைக்குத்தானே போகுது!"

கத்தரி என்றால் செய்தி ஆசிரியர். சிவப்பு மையில் வெட்டுவார், கசக்கிக் கூடையில் போடுவார்.

"இத்தனை வருஷமா வியர்வையை உறிஞ்சினாங்க. இப்ப வரியையும் உறிஞ்சுறாங்களா? வைக்கிறேன் விசாரணை!"

சங்க விசாரணைக்கு ஒரு விதி உண்டு. குற்றவாளி எப்பேர்ப்பட்ட ஆளானாலும், அவர் பெயரைத் தலைவர் எழுந்து நின்று, சாட்சிகள் முன் உரக்க வாசிக்க வேண்டும். விதியை எழுதியவரும் எரிமலைதான்.

உடனே அறிவிப்பு எழுதிக் கதவில் ஒட்டினார். சங்கம் காகிதம் வாங்குவதில்லை. குப்பைக்கூடைத் தாள்களைத் தலைவரே பொறுக்கி வந்து, கசங்கலை நீவி, பின்பக்கத்தில் எழுதுவார். "முதலாளி எறிஞ்சதுல தொழிலாளி எழுதுவான்" என்பார் பெருமையாக.

விசாரணை தொடங்கியது. பெஞ்சில் போட்டோகிராபர், பிழைதிருத்துபவர், இன்னும் சிலர் சாட்சிகள். எதிரே கத்தரி, கையைக் கட்டிக்கொண்டு.

"வரியைத் திருடுறது வயித்தைத் திருடுறது!" என்று முழங்கினார் எரிமலை.

"வயித்தை எப்படித் தோழரே தூக்கிட்டுப் போவாங்க?" என்றார் போட்டோகிராபர்.

"நீ சாட்சி. வாயைத் திறக்கக் கூடாது."

"வாயைத் திறக்காம சாட்சியா?"

கத்தரி எழுந்தார். "வெட்டினது நான்தான், ஒத்துக்கிறேன். மழை செருப்பைக் கழட்டுச்சுன்னு செய்தி போட்டா, வாசகன் செருப்பைக் கழட்டிடுவான். ஆனா அதைப் பொறுக்கிக் காதல் கதை எழுதுற ஆளா நான்?"

"பாத்தீங்களா! அது காதல் கதைன்னு இவருக்கு எப்படித் தெரியும்?" என்று துள்ளினார் எரிமலை.

"என் சம்சாரம் வாராவாரம் படிச்சு அழுவுறா. சோறு ஆறிப்போகுது."

"அந்திமல்லி யாருன்னு அந்தப் பத்திரிகையையே கேட்டா என்ன?" என்றாள் புதுசு.

"சொல்ல மாட்டாங்கம்மா" என்றார் எரிமலை அவசரமாக. "புனைபெயரைக் காப்பாத்துறது பத்திரிகை தர்மம். அதனால இவர்தான் குற்றவாளின்னு..."

"நானே சொல்றேன்."

வாசலில் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில், கதவிலிருந்து பிரித்தெடுத்த விசாரணை அறிவிப்பு.

எரிமலை டம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார். டம்ளரில் தண்ணீர் இல்லை.

"இந்தப் பொண்ணு திருடுறான்னு உங்க செய்தி ஆசிரியர்கிட்ட புகார் சொல்ல வந்தேன். கதவுல இது காத்துல படபடன்னு அடிச்சுது. திருப்பிப் பார்த்தேன். நூலகத் தீ, அலமாரி அலமாரியா. இந்தப் பொண்ணு கையெழுத்து, மேல சிவப்பு வெட்டு. நான்தான் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கம்மா. திங்கட்கிழமை வேலைக்கு வந்துடு." பிறகு கத்தரியைப் பார்த்தார். "நீங்க சொன்னது சரிதான் சார். இந்தப் பொண்ணு கதைக்குப் பிறந்தவ."

புதுசு திகைத்தாள். "சார், நீங்களா எனக்குச் சிபாரிசு பண்ணீங்க?"

"பின்னே? தினமும் உன்னை வெட்டி வெட்டி என் மை தீர்ந்துபோச்சு" என்றார் கத்தரி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அப்ப யாருங்க அந்த அந்திமல்லி?" பெஞ்சு முழுக்க எழுந்துவிட்டது.

ஆசிரியர் அம்மா அந்த அறிவிப்பின் ஓரத்திலேயே ஒரு பெயரை எழுதித் தலைவரிடம் நீட்டினார்.

"விதிப்படி நீங்கதானே வாசிக்கணும்?"

"இங்க வெளிச்சம் பத்தல..."

போட்டோகிராபர் ஃபிளாஷ் அடித்தார்.

"என் கண்ணாடி..."

"மூக்குலதான் இருக்கு தோழரே."

"அப்ப அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைச்சு..."

"ஒத்திவைக்கிறது முதலாளி தந்திரம்னு மேடைக்கு மேடை சொன்னது நீங்கதானே?" என்றாள் புதுசு.

எரிமலை எழுந்து நின்றார். மீசை ஒருமுறை துடித்து அடங்கியது. சாட்சிகள் முன், தன் விதிப்படியே, உரக்க வாசித்தார்:

"அந்திமல்லி என்கிற... எரிமலை!"