பன்னிரண்டு மணி

கிளாராவின் கணவர் பீட்டர்ராஜ் இறந்த மாதமே அவருடைய லேப்டாப்பும் நின்றுபோனது. பழனிசெட்டிபட்டியில் கடை வைத்திருக்கும் எபனேசர் புது ஹார்ட் டிஸ்க் மாட்டி, விண்டோஸ் ஏற்றிவிட்டு அவளைக் கூப்பிட்டான்.

"எல்லாம் சரிக்கா. ஆனா பக்கத்துக் கோயில்ல பன்னெண்டு மணி அடிச்சா அணைஞ்சிருது. கொஞ்ச நேரத்துல தானா எரியுது. மறுபடி விண்டோஸ் ஏத்தியும் பாத்துட்டேன்."

அது காலை, நண்பகல், மாலை என மூவேளைச் செபத்துக்காக மாதா கோயிலில் அடிக்கும் மணி. அதைக் கேட்டதும் பீட்டர்ராஜ் எந்த வேலையாக இருந்தாலும் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து நிற்பார். ஒரு வரியை கிளாரா சொல்ல, அடுத்த வரியை அவர் சொல்வார். ஆமென் சொன்ன பிறகுதான் திறப்பார்.

மறுநாள் கிளாரா கடைக்கு வந்து காத்திருந்தாள். மணி அடித்தது. திரை அணைந்தது. எபனேசர் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"தொடாத தம்பி. அவுக செபத்துல நிக்கிறாக."

தன் வரியைச் சொன்னாள். அவர் வரிக்கு இடம் விட்டாள். அப்படியே கடைசிவரை வந்தவள், வாயை மூடிக்கொண்டாள். திரை இருட்டாகவே இருந்தது.

"இன்னிக்கு என்னக்கா, எரியவே இல்ல?"

"இன்னும் ஆமென் சொல்லலப்பா. சொன்னா வேலையப் பாக்கப் போயிருவாக."