கயிறு வந்த பாட்டு

"எட்டாவது பாட்டைத் தொகுப்பில இருந்து எடுத்துப்போடு, பிள்ளை. அது எங்கட."

கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார் கிறகோரி. நாயாற்றுக் கடற்கரையில் கரைவலை வைத்திருக்கும் சம்மாட்டி, வலைக்கும் ஆட்களுக்கும் முதலாளி. எதிரே மீன் பெட்டியின்மேல், கிற்றாரை மடியில் வைத்தபடி இருந்தாள் சிவரூபி. அவர் கூப்பிட்டதால் பரந்தனில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஒருவரின் தயவும் இல்லாமல் அவளே பாடிப் பதிந்த முதல் பாட்டுத் தொகுப்பு. எட்டுப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை முல்லைத்தீவில் வெளியீடு.

"எடுக்கேலாது, சம்மாட்டியார். எட்டிலையும் அதைத்தான் நான் விடமாட்டன்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை நானும் வருவன். எல்லாருக்கும் முன்னாலை எழும்பி நிண்டு, இது களவெடுத்த பாட்டு எண்டு சொல்லுவன்."

மிரட்டவில்லை. நாளைக்குக் காற்று மாறும் என்பதுபோலச் சொன்னார். அவ்வளவு நிச்சயம்.

காரணம் இருந்தது. பதின்மூன்று வருடமாக வலையை இழுத்த ட்ரக்டர் இரண்டு கிழமைக்கு முன் பழுதாகிப்போனது. கையால் இழுக்கவேண்டி வந்தது. இப்போதுள்ள ஆட்களில் முன்பு கையால் இழுத்தவர் கிறகோரி ஒருவர்தான். முதல் நாள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். இழுவைக்குப் பாட்டு வேண்டும் என்று கிறகோரி வாயைத் திறந்தார். ஒரு அடிகூட நினைவுக்கு வரவில்லை. அந்த வெட்கத்தில் இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள், வலை இழுக்கிற பொடியன் டினோஜன் கயிற்றில் நின்றபடியே போனில் ஒரு பாட்டைப் போட்டான். சிவரூபி தொகுப்புக்கு முன்பே தனியாக வெளியிட்டிருந்த அந்த எட்டாவது பாட்டு. முப்பது பேரின் கையும் ஒன்றாக விழுந்தது. கயிறு வந்தது.

கயிறு வந்தால் அது அம்பா. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை அந்தக் கரையில் கட்டியவர் ஒருவர்தான், கிறகோரியின் அப்பர் வஸ்தியாம்பிள்ளை. அவர் செத்து இருபது வருடம். இதற்குமேல் சாட்சி எதற்கு?

மற்ற ஏழையும் டினோஜன் யாரிடமோ போனில் வாங்கிப் போட்டுக் காட்டியிருந்தான். பரந்தன் சந்தி, நெல்லுக் காய்கிற றோட்டு, கடைசி பஸ் என்று சொல்லெல்லாம் வயல்பக்கத்துச் சொல். ஏழும் ஆடி அசைந்து போயின. ஆசுப்பத்திரியில் வருத்தக்காரரை நித்திரையாக்கப் போடலாம் என்று கிறகோரி அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நீ வயலுக்க பிறந்த பிள்ளை. உனக்குக் கடல்பாட்டு எங்காலை வந்தது?"

"ஒருநாள் பஸ்ஸை விட்டிட்டு நாலு கட்டை தூரம் நடந்தனான். நடக்கிற காலடிக்குக் கட்டினது."

"பொய்யெண்டாலும் கொஞ்சம் பொருந்தச் சொல்லு பிள்ளை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் மாறவில்லை. கொடுத்த தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தாள். அந்தத் தேத்தண்ணியும் கிறகோரியின் அக்கா அற்புதத்துக்காகக் கொடுத்ததுதான். பரந்தனில் கலியாணம் கட்டி இருப்பவர். 'என்ர பக்கத்து வீட்டுப் பிள்ளை, சண்டை பிடியாதை' என்று காலையிலேயே போனில் சொல்லியிருந்தார்.

"அப்ப மற்ற ஏழும்?" என்று கேட்டாள் சிவரூபி.

"அது முழுக்க உன்ர. எந்த மேடையிலயும் சொல்லுவன். அதுகளுக்குக் கயிறு ஒரு முழமும் வராது."

"பிடிச்சுப் பாப்பமே?"

வலை பாதிக் கடலில் கிடந்தது. கிறகோரி எழும்பிப் போய்க் கயிற்றின் முன்னுக்கு நின்றார். முப்பது பேரும் பிடித்தார்கள். சிவரூபி கிற்றாரை மீட்டி முதலாவது பாட்டைப் பாடினாள், தொகுப்பில் இருப்பதுபோலவே, மெதுவாக. இழுக்கப் பார்த்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். கயிறு அசையவில்லை. டினோஜன் நின்றபடியே குறட்டை விட்டுக் காட்டினான்.

"முடிஞ்சுதே?" என்றார் கிறகோரி.

"இன்னும் ஒருக்கா."

கிற்றாரைப் பெட்டிமேல் வைத்தாள். அதே பாட்டு, அதே மெட்டு. தொடையில் கையால் தட்டி, இரண்டு மடங்கு வேகத்தில் எடுத்தாள்.

முப்பது பேரின் குதிகாலும் மணலில் இறங்கின. இரண்டு கையையும் விரித்த நீளத்துக்குக் கயிறு ஒரு பாகம் வந்தது. அடுத்த அடிக்கு இன்னொரு பாகம். மூன்றாவது அடியில் அவள் பஸ்ஸைப் பாட, கிறகோரியின் வாய் அதே மெட்டில் வாடைக் காற்றைப் பாடியது. நாலாவதில் மாதாவைக் கூப்பிட்டது. சிவரூபி நிறுத்திக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. கடைசி அடிவரை தானே பாடி, மூச்சு வாங்கி நின்றார். பிறகுதான், பாடியது தன் அப்பரின் பாட்டு என்று அவருக்கு உறைத்தது.

சிவரூபி பையைத் திறந்து தொகுப்பின் உறையை அவரிடம் நீட்டினாள். அது அச்சாகி வந்து ஒரு கிழமை ஆகியிருந்தது.

'ஒன்று முதல் ஏழு வரை மெட்டு: நாயாறு வஸ்தியாம்பிள்ளை. பாடிக் காட்டியவர்: அவரது மகள் அற்புதம்.'

"எட்டாவது ஒண்டுதான், சம்மாட்டியார், முழுக்க என்ர."